கடிபட்ட தெர்மாகோல்

"...சாய்ஞ்ச தொட்டியை வச்சுட்டுப் போனவனுக்கு வக்காலத்து வாங்க ரெண்டு பேர். அதுவும் ஒரு மீன் தொட்டிக்கு! உங்களுக்கு வேற கேஸே வர்றதில்லையா?"

"வருது டாக்டர். போன வாரம்கூட ஒரு கொலை வந்துச்சு. அதுல செத்தது ஒருத்தர்தான். இங்கே ஒன்பது மீன்."

"பத்து, அக்கா. பக்கெட்ல மிச்சம் இருந்ததுல ஒண்ணு இப்பத்தான் மல்லாந்துச்சு."

முதலில் எகிறியவர் பல் டாக்டர். வெள்ளைக் கோட்டின் மேல்பையில் மூன்று பேனாக்கள். மூன்றில் ஒன்றைக்கூட யாருக்கும் இரவல் கொடுத்திருக்க மாட்டார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்குப் பதில் சொன்னவள் அக்கா. ஐம்பதைத் தொடும் வயது, இழுத்து முடிந்த கொண்டை, ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. துப்பறிவது அவள் தொழில் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டு வந்தவள் என்றே நினைப்பார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் யாரையும் திருத்தியதில்லை.

மீன் கணக்குச் சொன்னவன் அவளுடைய உதவியாளன் நெட்டை. முன்பு ஆறு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதி நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிடும் வேலையில் இருந்தவன். அந்த ஆறு வருஷத்தில் "தப்பு என்னுதுதான்" என்று ஒரு வாய்கூடச் சொல்லி அவன் கேட்டதில்லை. மனித இனத்தின் மேல் அவனுக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அங்கேதான் உதிர்ந்தது.

இப்போது அவன் கண், டாக்டருடைய காத்திருப்பு அறையை மேய்ந்துகொண்டிருந்தது. வரிசையாக எட்டு எஃகு நாற்காலிகள். சுவரில் ஈறு வீங்கிய வாய்களின் வண்ணப் படங்கள். இடுப்புயரத்தில், சுவர் முழுக்க ஒரு பச்சைப் பட்டை தீட்டப்பட்டிருந்தது. பட்டைக்குக் கீழே ஒரு மரத் தாங்கி, மூன்றடி நீளம், தலையில் ஒன்றுமில்லாமல் மொட்டையாக நின்றது. தண்ணீரில் ஊறிய தரை இன்னும் காயவில்லை. நாற்காலிகளில் மூன்று நோயாளிகள் இருந்தார்கள். மீதி ஐந்து காலி. ஆனாலும் ஒருவர் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அவர்தான் தொட்டிக்காரர். வீடுகளிலும் கடைகளிலும் மீன் தொட்டி பொருத்திக் கொடுப்பவர். போன வியாழக்கிழமை இந்தத் தாங்கியின் மேல் தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போனார். நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, தொட்டியின் அடிக்கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பிளந்தது. நூற்றைம்பது லிட்டர் தண்ணீரும் பதினோரு மீன்களும் நோயாளிகளின் காலடியில் கொட்டின.

இன்று காலை அவருடைய மனைவி அக்காவின் அலுவலகத்துக்கு வந்து, நின்றபடியே அழுதுவிட்டுப் போனாள். டாக்டர் ஒரு கடிதம் டைப் அடித்து வைத்திருந்தார். 'என் கவனக்குறைவால் தொட்டியைச் சாய்வாக வைத்தேன். உடைந்ததற்கு நானே முழுப் பொறுப்பு.' கீழே கையெழுத்துப் போடக் கோடு. போட்டால் போலீசுக்குப் போக மாட்டாராம். ஆனால் கடிதம் வளர்ப்பு மீன் கடைக்காரர் கைக்குப் போகும். போடாவிட்டால் போலீசும் உண்டு, மீன் கடைக்காரரிடம் வாய்மொழிப் புகாரும் உண்டு. தொட்டிக்காரருக்கு வருகிற வேலை அத்தனையும் அந்த ஒரே மீன் கடை அனுப்புவது. அந்தக் கடைக்காரர் பன்னிரண்டு மணிக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள இதே டாக்டரிடம் வருகிறார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

"என் டைம் வேஸ்ட் ஆகுது" என்றார் டாக்டர். "இவன் வச்சிருக்கிற ரசமட்டமே கோளாறு. அதை வச்சுத் தொட்டி வச்சா வேற எப்படி இருக்கும்?"

"சார், அப்படி இல்ல சார்..." என்றார் தொட்டிக்காரர்.

நெட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாக்கியத்தில் இரண்டு சார். தப்பு செய்யாதவன் என்றால் கொஞ்சமாவது நிமிர வேண்டாமா? இந்த ஆள் தன் முதுகெலும்பையும் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"எடுங்க அந்த ரசமட்டத்தை" என்றாள் அக்கா.

தொட்டிக்காரர் பையிலிருந்து ஒரு முழ நீளக் கட்டையை எடுத்தார். நடுவில் கண்ணாடிக் குழல், அதற்குள் ஒரு குமிழ். வரவேற்பு மேஜையின் மேல் அதை வைத்தார். குமிழ் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி நின்றது.

"பார்த்தீங்களா!" என்றார் டாக்டர்.

தொட்டிக்காரர் கட்டையைத் தலைமாற்றி, அதே இடத்தில் மறுபடி வைத்தார். குமிழ் இப்போதும் அதே இடது பக்கம்தான் ஒதுங்கியது.

"கட்டை கோளாறுன்னா திருப்பி வச்சதும் குமிழும் பக்கம் மாறிடும்" என்றார் மெதுவாக. "மாறல. அப்போ மேஜைதான் சாய்வு. நான் எப்பவும் ரெண்டு தடவை வச்சுத்தான் பார்ப்பேன் சார்."

"என் மேஜை சாய்வா?"

"தரையே சாய்வு சார்."

டாக்டர் சிரித்தார். மயக்க ஊசி போட்ட வாய் மாதிரி ஒரு பக்கம் மட்டும் சிரித்த சிரிப்பு. "நான் இருபது வருஷமா மில்லிமீட்டர் கணக்குல வேலை பார்க்கிறவன். ஒரு பல்லு தலைமயிர் அளவு உசந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற கண்ணு இது. வியாழக்கிழமையே பார்த்தேன், தொட்டி கோணலா நிக்குது. அந்தப் பச்சைப் பட்டையோட ஒட்டவே இல்லை. டேய், அந்த போட்டோவைக் காட்டுடா!"

'டேய்' என்று அழைக்கப்பட்டவன் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்தான். டாக்டரின் மனைவிக்குத் தம்பி. முப்பது வயது. சீட்டு எழுதுவது, தரை கூட்டுவது, டாக்டரிடம் திட்டு வாங்குவது என்று அவனுக்கு மூன்று வேலைகள். திங்கள் முதல் சனிவரை மூன்றும் தவறாமல் நடந்தன.

"இந்தாங்க அத்தான்" என்று கைபேசியை நீட்டினான் மச்சான்.

அக்கா வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை எடுத்த படம். புதுத் தொட்டி, சிவப்புக் கூழாங்கல், பதினோரு மீன்கள், ஓரத்தில் மச்சானின் பாதி முகம். வாசல் பக்கம் தொட்டியின் மேல்விளிம்பு பச்சைப் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுபக்கம் பட்டைக்கு அரை விரல் கீழே இறங்கியிருந்தது.

"கோணல்தான்" என்றாள் அக்கா.

டாக்டர் மார்பை நிமிர்த்தினார். தொட்டிக்காரர் தலையைக் குனிந்தார்.

"ஆனா டாக்டர், உள்ளே இருக்கிற தண்ணியைப் பாருங்க. மேல்விளிம்புக்கும் தண்ணிக்கும் இந்தப் பக்கம் எவ்வளவு இடைவெளியோ, அந்தப் பக்கமும் அவ்வளவேதான். தண்ணி உங்க பட்டையைக் கேட்டா நிக்குது? கோணல்னா எது கோணல்?"

"என் சுவரா?" டாக்டரின் குரல் ஒரு சுருதி ஏறியது.

"நெட்டை, அவர் பையில தண்ணி டியூப் இருக்கும். எடு."

பிறகு நடந்ததை அந்த மூன்று நோயாளிகளும் பல்வலியை மறந்து பார்த்தார்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அதே டியூப்தான்: நீளமான, கண்ணாடி போன்ற குழாய், உள்ளே தண்ணீர். ஒரு நுனியைத் தொட்டிக்காரர் வாசலோரச் சுவரில் பிடித்தார். மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நெட்டை அறையின் அந்தக் கோடிக்குப் போனான். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டிருந்ததால் குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார் தொட்டிக்காரர்.

"இந்த இடத்துல வாயில குழாய் வைக்கிறதுன்னா டாக்டர்கிட்ட சீட்டு எழுதணும்ல?" என்றான் நெட்டை.

அதற்குச் சிரிக்கப் போய், கன்னம் வீங்கிய அம்மா ஒருத்தி "ஆ!" என்று தாடையைப் பிடித்துக்கொண்டாள். "வைக்காதீங்க தம்பி, வைக்காதீங்க! திங்கட்கிழமை இந்த டாக்டர் எச்சில் உறிஞ்சுற குழாயை என் வாயில வச்சாரு பாருங்க, மீன் வாடை குடலைப் பிடுங்கிடுச்சு. சொன்னா, 'உங்க வாய்தான் அப்படி'ன்னுட்டாரு. நான் மீனே சாப்பிடறதில்லை."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்" என்றார் டாக்டர்.

"சும்மா இருந்தா இங்கே எதுக்கு வர்றேன்?" என்றாள் அந்த அம்மா.

இரு நுனிகளிலும் தண்ணீர் அசைந்து அசைந்து, தூக்கம் வந்த குழந்தை போல மெல்ல அடங்கியது. வாசலோரம் தண்ணீர் பச்சைப் பட்டையின் மேல்விளிம்பில் நின்றது. அந்தக் கோடியில் பட்டைக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

"பெயின்ட் அடிச்ச ஆளு தரையிலேருந்து அளந்து கோடு போட்டிருக்கார்" என்றார் தொட்டிக்காரர். "தரை வாசல் பக்கம் இறங்குது. பட்டையும் கூடவே இறங்குது. நான் தாங்கியோட வாசல் பக்கத்துக் கால் ரெண்டுக்கும் அடியில தகடு வச்சு மட்டம் பண்ணினேன் சார். அந்தத் தகடு இன்னும் இருக்கு, பாருங்க."

நெட்டை குனிந்து பார்த்தான். இருந்தது. கால்களுக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் தகடுகள், ஒட்டியது ஒட்டியபடி. விளிம்பில் பென்சிலால் வியாழக்கிழமைத் தேதி.

அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. இந்த அறைக்குள் நேராக நின்றது அந்தத் தொட்டி ஒன்றுதான். சுவர், தரை, மேஜை, டாக்டர் பையில் மூன்று பேனா எல்லாமே சாய்ந்திருந்தன. இந்தக் கோணல் கூட்டத்துக்கு நடுவே வந்து மாட்டிக்கொண்ட பாவத்துக்கு, நேராக நின்றதே கோணல் என்று பெயர் வாங்கிக்கொண்டது.

"சரி, வச்சப்போ நேராவே இருந்திருக்கட்டும்" என்று டாக்டர் வேறு வழியில் இறங்கினார். "அப்புறம் இறங்கியிருக்கும். திங்கட்கிழமை நானே பார்த்தேன், தண்ணி ஒரு பக்கமா ஏறி நின்னுச்சு."

"அப்படியா? திங்கட்கிழமை போட்டோ இருக்கா?" என்று அக்கா மச்சானைக் கேட்டாள்.

இருந்தது. முதல் பல் விழுந்த ஒரு சின்னப் பெண், தொட்டி முன்னால் நின்று ஓட்டை வாயோடு சிரிக்கிறாள். அவள் தலைக்குப் பின்னால் தொட்டியின் மேல்விளிம்பு பச்சைப் பட்டையோடு தச்சன் இழைத்துச் சேர்த்த மாதிரி ஒட்டி ஓடியது. உள்ளே தண்ணீர் மட்டும் வாசல் பக்கம் ஏறி நின்றது.

"அதிசயமா இருக்கே" என்றாள் அக்கா. "தானா இறங்குற தொட்டி எங்கே வேணும்னாலும் இறங்கும். இது சரியா டாக்டரோட பட்டையைப் பார்த்து இறங்கியிருக்கு. அதுவும் இறங்கலை. வாசலுக்கு எதிர்ப்பக்கம் அரை விரல் ஏறியிருக்கு. உடைஞ்ச தொட்டி எங்கே?"

"பின்னால குப்பையில."

பின்கட்டுக்குப் போகிற வழி, டாக்டர் பல் பார்க்கிற அறையைத் தாண்டித்தான் போனது. அந்த அறை பூட்டியிருந்தது. கதவின் கண்ணாடி வழியாக அக்கா எட்டிப் பார்த்தாள். சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, ஓரத்தில் சக்கரம் வைத்த ஓர் உறிஞ்சு இயந்திரம், அதில் ஒரு கண்ணாடி ஜாடி.

"உள்ளே என்ன பார்வை? அங்கே யாரும் போக முடியாது" என்றார் டாக்டர். "சாவி ஒண்ணுதான். என் இடுப்புல இருக்கு. வீட்டுக்காரி தம்பியாச்சேன்னு இந்தத் தண்டத்தை வெளியில உட்கார வச்சிருக்கேனே ஒழிய, உள்ளே விட மாட்டேன். எதைத் தொட்டாலும் உடைப்பான்."

"ஒரு தடவைகூட சாவியைக் கொடுத்ததில்லையா?"

"என்னை என்ன மடையன்னு நினைச்சீங்களா?"

நெட்டைக்கு 'ஆமாம்' என்று சொல்ல நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டான்.

பின்கட்டில் உடைந்த கண்ணாடிகள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் தகடு. தாங்கியின் பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெத்தை மாதிரி தொட்டிக்காரர் போட்டது.

"கண்ணாடிக்கு நேர் அடியில நாங்க எதையும் சொருக மாட்டோம்கா" என்றார் அவர். டாக்டர் பக்கத்தில் இல்லாத அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவர் குரலில் சார் இல்லை. "மட்டம் பண்றது எல்லாம் தாங்கிக் காலுக்குக் கீழேதான். கண்ணாடிக்கு அடியில ஒரு கூழாங்கல் கிடந்தா போதும். மேலே நூத்தம்பது கிலோ தண்ணி. ராத்திரிக்கு ராத்திரி முறுக்கேறி, ஒரு நாள் போயிடும். புதுசா தொழிலுக்கு வர்றவங்களுக்கு முதல் நாள் சொல்றதே இதைத்தான்."

அக்கா தெர்மாகோலை எடுத்து வெயிலில் பிடித்தாள். அங்கங்கே நீலப் பொட்டுகள்.

"பேனா மையா?" என்றான் நெட்டை.

"நீ பல்லை அடைச்சிருக்கியா?"

"ரெண்டு."

"அடைச்சதும் டாக்டர் என்ன பண்ணினார்?"

"நீலமா ஒரு காகிதத்தை வாயில வச்சு, 'கடிங்க, கடிங்க'ன்னார். எங்கே உசரமா இருக்கோ அங்கே நீலம் ஒட்டும், அதை ராவி..." நெட்டை நிறுத்தினான். "அடப்பாவி! தொட்டியைக் கடிக்கச் சொல்லியிருக்காங்களா?"

"அதுவும் கடிச்சிருக்கு" என்றாள் அக்கா.

தகட்டின் ஒரு மூலையை அவன் கண்ணருகே கொண்டுவந்தாள். வாசலுக்கு எதிர்ப்பக்கத்து மூலை. அங்கே தெர்மாகோல் அமுங்கிக் குழிந்திருந்தது. குழிக்குள்ளே வரிசையாக நான்கு பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு சின்ன முனைகளின் தடம். மனிதனின் கடைவாய்ப் பற்கள் அச்சு அசலாகப் பதிந்திருந்தன.

யாரோ ஒரு பிரம்மாண்டமான கிழவன் யாருமில்லாத நேரத்தில் வந்து, பசிக்குத் தொட்டியின் அடியைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அப்படித்தான் நெட்டைக்குத் தோன்றியது.

"பல் செட்டுக்கு அளவெடுக்கும்போது தாடையை அச்சு வார்ப்பாங்களே, மஞ்சள் கல்லு மாதிரி" என்றாள் அக்கா. "அதுல ஒரு துண்டை அறுத்து, பல்லு கீழே பார்க்கிற மாதிரி கவிழ்த்துச் சொருகியிருக்காங்க. நீலக் காகிதம் வச்சு, எங்கே பட்டிருக்கு, எங்கே படலைன்னு சரி பார்த்திருக்காங்க. ரொம்ப அக்கறையா பண்ணின வேலை. கண்ணாடி பிளந்ததும் கல்லை எடுத்து எறிஞ்சாச்சு. தெர்மாகோல்ல என்ன தெரியப்போகுதுன்னு விட்டாச்சு."

அவர்கள் மூவரும் தெர்மாகோலோடு முன்னறைக்கு வந்தபோது மணி பதினொன்று நாற்பத்தைந்து. அக்கா அதை மேஜையில் வைத்து, குழியைக் காட்டி, இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். பல் வேலை தெரிந்த கை ஒன்று தொட்டியில் பட்டிருக்கிறது என்றாள்.

டாக்டர் குழியைப் பார்த்தார். நீலப் பொட்டுகளைப் பார்த்தார். அவர் முகத்தில் நிறம் வடிந்து, மறுபடி ஏறியது. ஏறும்போதே ஒரு திட்டத்தோடு ஏறியதை நெட்டை கவனித்தான். இந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். லாரி ஓட்டினவன் க்ளீனரைப் பார்க்கிற பார்வை.

"அடேய்!" என்று டாக்டர் மச்சான் பக்கம் திரும்பினார். "உன் வேலையாடா இது? நீலக் காகிதக் கட்டு மேஜை டிராயர்லதானே இருக்கும்! பழைய அச்சு எல்லாம் பின்கட்டு அலமாரியில! ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பெருக்க வர்றவன் நீ ஒருத்தன்தான். பொழுதுபோகாம தொட்டியை நோண்டியிருக்கே!"

மச்சான் எழுந்தான். நோயாளிகள் மூவரும் அவனைப் பார்த்தார்கள்.

"அத்தான்... நான் எதுக்கு..."

"பேசாதே. உங்க அக்காவுக்காகப் பொறுத்துக்கிட்டு இருந்தேன். இதோட உனக்கும் இந்த இடத்துக்கும் சரி. இன்னைக்கே பெட்டியைக் கட்டு." அக்காவிடம் திரும்பினார். "கண்டுபிடிச்சுட்டீங்க, சந்தோஷம். வீட்டு விஷயம், நான் பார்த்துக்கறேன். அந்த ஆளு வேணும்னா போகலாம்."

இது நல்ல பேரம் என்று நெட்டைக்குப் பட்டது. தொட்டிக்காரர் தப்பித்தார். இவர்களும் வந்த வேலையை முடித்தார்கள். மச்சான் எக்கேடு கெட்டால் என்ன? அவன் அக்காவின் காதில், "கிளம்பலாமாக்கா?" என்றான்.

அக்கா அசையவில்லை. "ஒரு சந்தேகம் டாக்டர். தண்ணியோட அந்தத் தொட்டியோட ஒரு மூலையைத் தூக்க நாலு பேர் வேணும். ஒரே ஆள் தூக்கணும்னா தண்ணியை முக்கால்வாசி எடுத்தாகணும். எடுத்த தண்ணியைத் திருப்பி ஊத்தியும் ஆகணும், இல்லேன்னா மீன் செத்துடும். எப்படி எடுத்திருப்பான்?"

"பக்கெட்ல மொண்டிருப்பான். அதுகூடவா துப்பறியணும்?"

"மீனும் கல்லும் இருக்கிற தொட்டியில பக்கெட் நுழையாது. குவளையால மொண்டா தரையெல்லாம் ஈரமாகும். திங்கட்கிழமை போட்டோவுல தரை பளபளன்னு காய்ஞ்சு இருக்கு. நேத்து கொட்டினதே இங்கே இன்னும் காயலை." அவள் கன்னம் வீங்கிய அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, திங்கட்கிழமை உங்க வாயில வச்சதுல என்ன வாடை வந்துச்சுன்னு சொன்னீங்க?"

"மீன் வாடை! தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்!"

"இந்த இடத்துல தண்ணியைச் சிந்தாம உறிஞ்சுற சாமான் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சக்கரம் வச்சது. பூட்டின அறைக்குள்ளே இருக்கு." அக்கா மச்சானைப் பார்த்தாள். "அந்த ஜாடியைக் கழுவுறது யாரு தம்பி?"

"நான்தான்கா. சாயங்காலம் அத்தான் அறைக்கு வெளியில கொண்டுவந்து வைப்பார். நான் பின்னால எடுத்துட்டுப் போய்க் கழுவி, திரும்பக் கதவு முன்னால வச்சிடுவேன்."

"திங்கட்கிழமை கழுவும்போது உள்ளே என்ன இருந்துச்சு?"

மச்சான் டாக்டரைப் பார்த்தான். ஆறு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவன் பதில் சொல்லிப் பழகியிருந்தான். இந்தத் தடவை அங்கே அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குனிந்து, மேஜையின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சோப்பு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து வைத்தான்.

கொஞ்சம் தண்ணீர். ஏழு சிவப்புக் கூழாங்கற்கள். டப்பாவின் சுவரில் மிளகு அளவுக்கு ஒரு நத்தை, கொம்பை நீட்டிக்கொண்டு, உலகத்தைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"உயிரோட இருந்துச்சு. தொட்டியில திருப்பி விடலாம்னு எடுத்து வச்சேன். அதுக்குள்ள தொட்டி உடைஞ்சுடுச்சு" என்றான் மச்சான். பிறகு, யாரும் கேட்காமலேயே சொன்னான்: "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் கிளினிக்குக்கு வந்தார்கா. எங்க அக்கா அவருக்குச் சாப்பாடு எடுத்து வச்சு நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தா."

அக்கா டப்பாவை டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.

"சாவி ஒண்ணுதான்னு சொன்னீங்க" என்றாள் அக்கா. "இவர்கிட்ட ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லைன்னும் நீங்கதான் சொன்னீங்க. சாவிப் பேச்சை எடுத்ததே நீங்கதான் டாக்டர். இவர் மட்டமான ஆளுன்னு காட்டுறதுக்காக."

டாக்டர் தெர்மாகோலைத் தன் பக்கம் இழுத்தார். "நான் அதை... சரி பண்ணத்தான் பார்த்தேன். கோணலா இருந்தா எனக்கு உறுத்தும். என் தொழில் அப்படி. நல்ல எண்ணத்துல..."

"நல்ல எண்ணத்துல பண்ணினதை நல்ல எண்ணத்தோட சொல்லியிருக்கலாமே" என்றான் நெட்டை. "எதுக்கு இன்னொருத்தர் பேர்ல டைப் அடிச்சீங்க?"

நேராக நின்ற ஒன்றைப் பார்த்து, கண்ணை நம்பிக் கோணலாக்கியது முதல் தப்பு. அதை மன்னிக்கலாம், கண் எல்லாருக்கும் பொய் சொல்கிறது. உடைந்தபோது, நின்றுகொண்டிருந்தவர்களிலேயே யார் குனிந்திருக்கிறார் என்று பார்த்து அவர் முதுகில் ஏற்றியதும், அவர் கைநழுவிப் போனபோது அடுத்தவன் முதுகைத் தேடியதும் வேறு வகை. அதை எத்தனையோ வண்டிகளின் அடியில் குனிந்து நெட்டை பார்த்திருக்கிறான்.

வாசலில் ஒரு வண்டி நின்ற சத்தம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு ஒரு கனத்த மனிதர் இறங்கினார். மீன் கடைக்காரர். ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். செருப்பைக் கழற்ற ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார்.

டாக்டரின் கைக்கு வேகம் வந்தது. மேஜைமேல் இருந்த கடிதத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் திணித்தார். "சரி, சரி. கையெழுத்து ஒண்ணும் வேணாம். போலீசும் இல்லை. விஷயம் முடிஞ்சுது. எல்லாரும் பின்வழியாப் போயிடுங்க" என்றார் தாழ்ந்த குரலில். "நான் வேலையைப் பார்க்கணும்."

நெட்டை தொட்டிக்காரரின் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தான். இந்த ஆள் இப்போது கும்பிட்டு, நாலு சார் போட்டு, பின்வழியாக ஓடிவிடுவார் என்று நினைத்தான். அப்படி ஓடினால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

தொட்டிக்காரர் பையை வாங்கிக்கொள்ளவில்லை. ஈரத் தரையில் ஓர் அடி முன்னால் வந்து, காலையிலிருந்து யாரும் உட்காரச் சொல்லாத அந்த எஃகு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"கடைக்காரருக்கு நேத்தே நீங்க போன் பண்ணிட்டீங்கன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார். "காலையில எனக்கு வரவேண்டிய ரெண்டு வேலையும் வேற ஆளுக்குப் போயிடுச்சு. இந்த நாலு சுவத்துக்குள்ள முடிஞ்சதால எனக்கு ஒண்ணும் முடியலை."

கண்ணாடிக் கதவு திறந்தது. மீன் கடைக்காரர் வீங்கிய கன்னத்தோடு உள்ளே வந்து, ஒரு முகம் விட்டு ஒரு முகம் பார்த்து, தொட்டிக்காரரைக் கண்டதும் புருவத்தைச் சுருக்கினார்.

தொட்டிக்காரர் எழவில்லை. டாக்டரையே பார்த்தார்.

"இதோ வந்துட்டார் சார். நான் மட்டமா, சரியாத்தான் வச்சேன், கையை வச்சது நீங்கதான்னு அவர்கிட்ட உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க சார்."